குளிரில் விட்டால் சாது, வீட்டுக்குள் வந்தால் சண்டி! புரொப்பேன் சிலிண்டர் பற்றி இதெல்லாம் தெரியுமா?

அக்டோபர் முடிந்தால் டொரொன்டோ, சிகாகோ, மினியாபொலிஸ் என்று எந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான். தோட்டத்துக் குழாயை அடைக்கிறார்கள், பூந்தொட்டிகளை உள்ளே தூக்குகிறார்கள், கோடை முழுக்கக் கோழியும் சோளமும் வாட்டிய பார்பிக்யூ அடுப்புக்கு உறை மாட்டுகிறார்கள். சரி, அடுப்புக்கு அடியில் ஒரு குள்ளச் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறதே, அதை என்ன செய்வது? இனி பல மாதம் பனி கொட்டும். வெப்பநிலை மைனஸ் 20, மைனஸ் 30 என்று இறங்கும். வெளியே விட்டால் உறைந்து வெடித்துவிடாதா? பேஸ்மென்டில் ஒரு மூலையில் பத்திரமாக வைத்தால் என்ன?

வைக்கவே கூடாது! சிலிண்டருக்குக் குளிரால் ஆபத்தே இல்லை. குளிருக்குப் பயந்து அதை உள்ளே தூக்கி வருகிற நம்மால்தான் ஆபத்து. நம்ப முடியவில்லையா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூமியில் எந்தக் குளிரிலும் இது உறையாது, தெரியுமா?

தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறைகிறது. புரொப்பேன் உறைய வேண்டுமானால் மைனஸ் 188 டிகிரி வேண்டும்! பூமியில் தரையில் நின்று வெப்பமானியால் அளந்ததிலேயே மிகக் கடுங்குளிர், அன்டார்க்டிகாவின் வோஸ்டோக் ஆய்வு நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று பதிவான மைனஸ் 89.2 டிகிரி. அங்கே கொண்டுபோய் வைத்தாலும் புரொப்பேன் உறையாது.

அவ்வளவு ஏன், சனிக் கோளின் பெரிய நிலவான டைட்டனுக்கே போங்கள். அங்கே தரையில் சுமார் மைனஸ் 179 டிகிரி. அங்கும் அது திரவம்தான்! டைட்டனின் காற்றில் நிஜமாகவே புரொப்பேன் இருக்கிறது என்பது இன்னொரு ஆச்சரியம். 1980-ல் அந்தப் பக்கம் பறந்துபோன வாயேஜர்-1 விண்கலத்தின் கருவிகள்தான் அதைக் காட்டிக்கொடுத்தன.

குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் வெடிப்பதற்குக் காரணம், உறையும்போது தண்ணீர் விரிவதுதான். புரொப்பேன் அப்படியே நேர்மாறு. குளிரக் குளிர அது சுருங்கும். ‘குழாய் வெடிக்கிறதே, சிலிண்டரும் வெடிக்குமோ’ என்ற பயத்துக்கு இடமே இல்லை.

மைனஸ் 20-ல் சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், கார் டயரில் இருப்பதைவிடக் குறைவு!

சிலிண்டருக்குள் பாதிக்கு மேல் திரவம், அதன் தலைக்கு மேல் வாயு. அந்த வாயுவின் அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலை மட்டுமே. உள்ளே நிறைய இருக்கிறதா, கொஞ்சம் இருக்கிறதா என்பது கணக்கிலேயே வராது. ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருக்கும் வரை அழுத்தம் மாறாது!

40 டிகிரி வெயிலில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 180 பவுண்டு. 20 டிகிரியில் சுமார் 107. தண்ணீர் உறையும் 0 டிகிரியில் 54. மைனஸ் 20-ல் வெறும் 20 பவுண்டு! கார் டயரில் நாம் அடிக்கும் காற்றே 30 பவுண்டுக்கு மேல் இருக்கும். மைனஸ் 42 டிகிரியில் அழுத்தம் பூஜ்யம். உள்ளே இருப்பது தள்ளிக்கொண்டு வெளியே வரப் பலமில்லாத வெறும் திரவம்.

ஆக, ஜூலை வெயிலில் அத்தனை அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு நின்ற அதே சிலிண்டருக்கு ஜனவரிப் பனி என்பது முழு ஓய்வு.

கடுங்குளிரில் கேஸ் ‘தீராமலே தீர்ந்துபோகும்’, தெரியுமா?

குளிரின் நிஜமான தொல்லை வேறு. சிலிண்டர் நிறைய இருக்கும், அடுப்பு எரியாது! மைனஸ் 42-க்குக் கீழே போனால் திரவம் வாயுவாக மாற மறுக்கிறது. கனடாவின் யூக்கான் பகுதியில் ஸ்னாக் என்ற ஊரில் 1947 பிப்ரவரி 3 அன்று மைனஸ் 63 டிகிரி பதிவானது. வட அமெரிக்கக் கண்டத்தின் நிலப்பரப்பில் அதைவிடக் கீழே இறங்கியதாகப் பதிவு இல்லை. அன்று அங்கே ஒரு புரொப்பேன் சிலிண்டரின் வால்வைத் திறந்திருந்தால் ‘உஸ்’ என்ற சத்தம்கூடக் கேட்டிருக்காது.

நம்மூர்ச் சமையல் கேஸ் இந்த விஷயத்தில் இன்னும் பலவீனம். அது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியிலேயே படுத்துவிடும். சென்னைக்கு அது போதும், மினசோட்டாவுக்குப் போதாது. கடுங்குளிர் நாடுகளில் வீட்டுக்கு வெளியே சிலிண்டர் வைப்பவர்கள் புரொப்பேனையே நம்புவதற்குக் காரணம் இதுதான்.

வெப்பக் காற்று பலூன் ஓட்டுகிறவர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். 1960 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எட் யோஸ்ட் பறந்தாரே, நவீன வெப்பக் காற்று பலூனின் அந்த முதல் பயணமே புரொப்பேன் சுடரில்தான். இன்று பொள்ளாச்சித் திருவிழாவில் மேலே போகும் பலூன்களுக்கும் அதே மாதிரிச் சுடர்தான். குளிர்நாட்டில் காலைக் குளிரில் பறக்கும்போது அழுத்தம் போதாதே? சிலிண்டருக்குள் நைட்ரஜனை ஏற்றி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள்! முறைப்படி கற்றவர்கள் செய்கிற வேலை அது. நீங்கள் வீட்டில் சிலிண்டருக்கு வெந்நீர் ஒத்தடம், ஹீட்டர், நெருப்பு என்று எதையும் முயலவே வேண்டாம்.

ஒரே ஒரு சிலிண்டர், 1,000 சதுர அடி பேஸ்மென்ட்!

இப்போது வீட்டுக்குள் வருவோம். பார்பிக்யூவுக்கு வைப்பது ‘20 பவுண்டு’ சிலிண்டர். நிறையப் பிடித்தால் சுமார் 9 கிலோ. நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைவிடச் சிறியதுதான், ஆனால் அதற்குள் அடைபட்டிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 120 யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

திரவப் புரொப்பேன் வெளியே வந்தால் சுமார் 270 மடங்கு விரிந்து வாயுவாகும். காற்றில் அந்த வாயு வெறும் 2.1 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், 9.5 சதவீதத்தைத் தாண்டினால்தான் பிடிக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: முழுச் சிலிண்டர் ஒன்றில் இருப்பது மொத்தமாகக் கசிந்தால், எட்டடி உயரமுள்ள 1,000 சதுர அடி பேஸ்மென்ட் முழுவதையும் தீப்பிடிக்கும் எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்!

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரொப்பேன் வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் மேலே போய் ஜன்னல் வழியாகக் கலையாது. தரையோடு தரையாக ஊர்ந்து, படியிறங்கி, வீட்டின் மிகத் தாழ்ந்த இடத்தில் போய்த் தேங்கும். வட அமெரிக்க வீடுகளில் அந்தத் தாழ்ந்த இடத்தில் என்ன இருக்கிறது? வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் வெந்நீர்க் கொதிகலனும்! ஜனவரி இரவு, ஜன்னல்கள் எல்லாம் இறுக்கி மூடியிருக்கும். கீழே ஃபர்னஸ் தானாகவே பற்றி, அணைந்து, மறுபடி பற்றிக்கொண்டிருக்கும். இதற்கு நடுவில்தான் சிலிண்டரைக் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறோம்.

நம்மூரில் சிலிண்டரைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் வைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் இதே கனம்தான் காரணம்.

கார் நிறுத்துகிற கராஜும் ‘வீட்டுக்குள்’தான்!

‘பேஸ்மென்டில் வேண்டாம், சரி. கராஜில் வைக்கிறேனே’ என்கிறீர்களா? அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 58-ஆம் எண் விதிநூல் அதற்கும் தடை போடுகிறது. பேஸ்மென்ட், வீட்டோடு ஒட்டிய கராஜ் எல்லாம் வீட்டுக் கட்டடத்தில்தான் சேர்த்தி. அங்கே அனுமதி, முகாமுக்கு எடுத்துப்போகிற 1 பவுண்டுக் குட்டிச் சிலிண்டருக்கு மட்டும். அதிலும் ஒரு வீட்டுக்கு இரண்டு.

டொரொன்டோவின் அடுக்குமாடிகளில் இருக்கும் நம்மவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. ஒன்டாரியோவில் சிலிண்டரை மேலே கொண்டுபோக வேண்டுமானால் சரக்கு லிஃப்டில்தான் போக வேண்டும். அது இல்லாத கட்டடத்தில் சாதாரண லிஃப்டில் போகலாம், ஆனால் உள்ளே சிலிண்டரும் அதைத் தூக்கிப்போகிற ஆளும் மட்டும்! வேறு யாரும் கூட ஏறக்கூடாது. பால்கனியில் வைக்கக் கட்டட நிர்வாகமே தடை போட்டிருக்கலாம், முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேஸுக்கு வாசனையே கிடையாது! பிறகு அந்த நாற்றம்?

புரொப்பேனுக்கு நிறமில்லை, மணமும் இல்லை. நம் மூக்கைத் துளைக்கிற அந்த அழுகிய நெடி வேண்டுமென்றே சேர்ப்பது. சேர்ப்பதன் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது.

1937 மார்ச் 18. டெக்சஸ் மாநிலத்தின் நியூ லண்டன் என்ற எண்ணெய் வயல் ஊர். அங்கிருந்த பள்ளிக்கூடத்தை அருகில் ஓடிய குழாயின் இயற்கை எரிவாயுவால் சூடாக்கிவந்தார்கள். அந்த வாயு கட்டடத்துக்கு அடியில் கசிந்து நிறைந்திருந்தது. மணமில்லாததால் ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளி விடுகிற நேரத்தில் ஒரு சிறு பொறி. கட்டடமே மேலெழுந்து விழுந்தது. சுமார் 300 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். சில வாரங்களிலேயே எரிவாயுவில் நெடி சேர்த்தாக வேண்டும் என்று டெக்சஸ் சட்டம் கொண்டுவந்தது. மற்ற இடங்களும் தொடர்ந்தன.

புரொப்பேனில் சேர்க்கும் நெடிப்பொருள் எதைல் மெர்காப்டன். காற்றின் 100 கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும்!

கசிவைக் கண்டுபிடிக்கக் கழுகுகளை நம்பிய எண்ணெய்க் கம்பெனி!

அழுகும் பிணத்திலிருந்தும் இதே எதைல் மெர்காப்டன் வெளிவருகிறது. அமெரிக்காவின் வான்கோழிக் கழுகு, பறவைகளில் அபூர்வமாக, மோப்பம் பிடித்தே இரை தேடுகிற இனம். கலிபோர்னியாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் பொறியாளர்கள் 1930-களில் ஒன்றைக் கவனித்தார்கள். எரிவாயுக் குழாய் எங்கே கசிகிறதோ, அதற்கு மேலே இந்தக் கழுகுகள் வட்டமடித்தன! பிறகென்ன, குழாயில் மெர்காப்டனைக் கூட்டிவிட்டு, கழுகு எங்கே சுற்றுகிறது என்று வானத்தைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்தார்கள். பறவையியலாளர் கென்னத் ஸ்டேகர் இந்தச் செய்தியைப் பிடித்துக்கொண்டு ஆராய்ந்து, இந்தப் பறவைக்கு மோப்ப சக்தி உண்டு என்று 1964-ல் விரிவாக எழுதினார்.

ஆனால் நெடியும் காணாமல் போகும், தெரியுமா?

சிலிண்டருக்குள் துரு இருந்தால் அது நெடிப்பொருளை மெல்ல மெல்லத் தின்றுவிடும். நீண்ட நாள் காலியாகத் திறந்து கிடந்த சிலிண்டரில் இது நடக்கும். மண்ணுக்கு அடியில் கசிந்து வரும் வாயுவிலிருந்து மண்ணே நெடியை உறிஞ்சிக்கொள்ளும். சளி பிடித்த மூக்கு, வயதான மூக்கு இரண்டும் உதவாது. ஒரே நெடியைத் தொடர்ந்து முகர்ந்தால் நல்ல மூக்கும் சிறிது நேரத்தில் உணர்வதை நிறுத்திவிடும். மூக்கை மட்டும் நம்பிச் சிலிண்டரை வீட்டுக்குள் வைப்பது எவ்வளவு பெரிய சூதாட்டம் பாருங்கள்! புரொப்பேன் பயன்படுத்தும் வீடுகளில் கசிவு எச்சரிக்கைக் கருவியைக் கூரையில் மாட்டாமல் தரையை ஒட்டி மாட்டச் சொல்வதும் வாயுவின் கனத்தால்தான்.

‘ஃபுல்’ என்றால் 80 சதவீதம்தான்!

இவ்வளவு பணம் கொடுத்தும் ஐந்தில் ஒரு பங்கு காலியா என்று கொதிக்காதீர்கள். அந்தக் காலியிடம் இருப்பதால்தான் கோடையிலும் பயமில்லாமல் இருக்கிறோம். 10 டிகிரி சூடு கூடினால் திரவப் புரொப்பேன் ஏறக்குறைய 3 சதவீதம் விரியும். விளிம்பு வரை நிரப்பிவிட்டு வெயிலில் வைத்தால் விரிவதற்கு இடமேது?

மனிதர் மறந்தாலும் சிலிண்டர் மறக்காமல் இருக்க, உள்ளே ஒரு மிதவையுள்ள தடுப்பு வால்வு இருக்கிறது. 80 சதவீதம் வந்ததும் மிதவை மேலேறி வழியை அடைத்துவிடும். 2002 ஏப்ரல் முதல், இந்த வால்வு இல்லாத பார்பிக்யூ சிலிண்டர்களை அமெரிக்காவில் நிரப்பக்கூடாது. இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கைப்பிடியைப் பாருங்கள். முக்கோணம்போல மூன்று மூலை இருந்தால் இருக்கிறது. பூப்போல வட்டமான பழைய கைப்பிடி என்றால் இல்லை.

கழுத்துப் பட்டையில் குத்தியிருக்கும் எழுத்துகளையும் படியுங்கள். ‘டி.டபிள்யூ.’ என்றால் காலிச் சிலிண்டரின் எடை. பெரும்பாலும் 17 பவுண்டுக்கு அருகில் இருக்கும். குளியலறைத் தராசில் வைத்து அந்த எடையைக் கழித்தால் மிச்சக் கேஸ் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நிறைந்த சிலிண்டரைக் கடையில் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் நிறுத்துப் பார்த்தால் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். பல மாற்றுச் சிலிண்டர்களில் 15 பவுண்டுதான் நிரப்புகிறார்கள். லேபிளிலேயே போட்டிருக்கும், நாம்தான் படிப்பதில்லை!

யாரும் திருடவில்லை, குளிர்தான் சுருக்கியது!

வீட்டுத் தோட்டத்தில் பெரிய புரொப்பேன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஜனவரியில் அளவுமானியைப் பார்த்துப் பதறுவது உண்டு. 30 டிகிரியில் 80 சதவீதம் காட்டியது, ஒரு சொட்டுகூடச் செலவழிக்காமலே மைனஸ் 20-ல் சுமார் 70 சதவீதம் காட்டும்! கேஸ் எங்கும் போகவில்லை. திரவம் சுருங்கியிருக்கிறது. எடையில் மாற்றமே இருக்காது.

சாய்த்துப் படுக்கவைத்தால் பாதுகாப்பு வால்வே எதிரியாகும்!

சிலிண்டரின் தலையில் ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 375 பவுண்டை எட்டினால் தானாகத் திறந்து கொஞ்சம் வாயுவை வெளியேற்றிவிட்டு மூடிக்கொள்ளும். அந்த அழுத்தம் வர வேண்டுமானால் உள்ளிருக்கும் திரவம் 70 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். பனியில் அது நடக்கவே நடக்காது. வீட்டுக்குள் ஹீட்டர் பக்கத்திலோ, தீவிபத்திலோ நடக்கும்.

சிலிண்டர் நிமிர்ந்து நின்றால் வால்வுக்கு நேராக இருப்பது வாயு. படுத்திருந்தால் நேராக இருப்பது திரவம். வால்வு திறக்கும்போது திரவமே பீறிட்டு வந்து 270 மடங்கு விரியும். நிற்கவைப்பது, விழாமல் வைப்பது, பனிச்சறுக்கலில் உருளாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இதற்காகத்தான்.

ஒருவர்கூடச் சாகாமல் 2 லட்சம் பேர் ஊரைக் காலி செய்த இரவு!

நெருப்புக்கு நடுவில் புரொப்பேன் தொட்டி மாட்டினால் என்ன ஆகும் என்பதைக் கனடா 1979 நவம்பர் 10 அன்று நள்ளிரவு நெருங்கும்போது கண்டது. டொரொன்டோவை ஒட்டிய மிஸிஸாகாவில், இன்று தமிழர்களும் நிறைய வாழ்கிற அதே நகரத்தில், சூடேறிய சக்கரத் தாங்கி ஒன்று உடைந்து சரக்கு ரயில் தடம் புரண்டது. தீயில் புரொப்பேன் வேகன்கள் வெடித்தன. பக்கத்தில் இருந்ததோ குளோரின் வேகன்! 2 லட்சத்துக்கும் அதிகமானவர்களை வெளியேற்றினார்கள். உயிர்ச்சேதம் ஒன்றுகூட இல்லை.

தொட்டி ஏன் வெடிக்கிறது? திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் தகட்டைத் திரவமே குளிர்விக்கும். அதற்கு மேலே வாயு மட்டும் இருக்கும் பகுதியின் தகட்டைக் குளிர்விக்க எதுவும் இல்லை. அது பழுத்து, வலுவிழந்து, கிழிகிறது. கிழிந்த நொடியில் உள்ளிருக்கும் திரவம் மொத்தமும் கொதித்து வாயுவாகிப் பற்றிக்கொள்கிறது. வீட்டில் எங்கோ பிடித்த சிறு தீ, கராஜில் இருக்கும் சிலிண்டரை எட்டினால் நடப்பதும் இதேதான். தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழையும்போது சிலிண்டர் இருக்கிறதா என்று முதலில் கேட்பது வீணல்ல.

பித்தளையில் நீலப் பச்சையா? ஓடுங்கள்!

வால்வில் நீலமும் பச்சையும் கலந்த கறை தெரிந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடாதீர்கள். யாரோ அதில் அமோனியாவை அடைத்திருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம் அது. அமெரிக்காவில் போதைப்பொருள் காய்ச்சுகிறவர்கள் திருட்டு அமோனியாவைப் பழைய பார்பிக்யூ சிலிண்டர்களில் கடத்துவது உண்டு. அமோனியா பித்தளையை அரித்து விரிசல் விடவைக்கும். வால்வே பிய்த்துக்கொண்டு பறக்கலாம். கண்டால் விலகி நின்று தீயணைப்புத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

மூச்சு வாங்காமல் இன்னும் சில!

* சிலிண்டருக்கும் காலாவதி உண்டு! கழுத்துப் பட்டையில் தயாரித்த மாதமும் வருடமும் குத்தியிருக்கும். அமெரிக்காவில் 12 ஆண்டு, கனடாவில் 10 ஆண்டு ஆனதும் மறுபரிசோதனை செய்யாமல் நிரப்பமாட்டார்கள்.

* பயன்படுத்தி எறியும் 1 பவுண்டுக் குட்டிச் சிலிண்டரை வீட்டில் நிரப்பி வியாபாரத்துக்கு ஏற்றிச்சென்றால் 5 லட்சம் டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை! சிலிண்டரின் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். குப்பையில் குவிவதால் 2028 முதல் இவற்றின் விற்பனைக்கே கலிபோர்னியா தடை விதித்திருக்கிறது.

* வீட்டில் எரிகிற இதே புரொப்பேன்தான் ‘ஆர்-290’ என்ற பெயரில் குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் ஓடுகிறது. திரவம் வாயுவாகும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அடுப்பு நெடுநேரம் எரிந்தால் சிலிண்டரில் பனி பூப்பதும் அதனால்தான். பூத்த பனியின் மேல் விளிம்புதான் உள்ளே கேஸ் நிற்கும் மட்டம்!

* புரொப்பேனை அடுப்புக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க வேதியியலாளர் வால்டர் ஸ்னெல்லிங். 1910-ல், வாங்கிய பெட்ரோல் வீடு போவதற்குள் ஆவியாகிவிடுகிறது என்று கார்க்காரர் ஒருவர் புலம்ப, அந்த ஆவியை ஆராயப்போய் இதைப் பிடித்தார். 1913-ல் காப்புரிமை பெற்று 50,000 டாலருக்கு விற்றுவிட்டார்!

* 2013 இலையுதிர் காலத்தில் அமெரிக்க மத்திய மேற்கில் சோளம் ஈரமாக விளைந்தது. அதை உலர்த்தவே புரொப்பேன் ஏராளமாகச் செலவானது. பின்னாலேயே 2014 ஜனவரியின் கடுங்குளிர். வீட்டுக்கு வாங்கும் புரொப்பேன் அங்கே ஒரு காலன் 4 டாலரைத் தாண்டியது!

* தோட்டத்துப் பெரிய தொட்டியின் மேல் குவிந்த பனியைத் துடைப்பத்தால்தான் தள்ள வேண்டும், மண்வாரியால் அல்ல. ரெகுலேட்டரும் குழாயும் உடைந்தால் கசிவு பனிக்கு அடியிலேயே பரவி வீட்டு அடித்தளத்தைத் தேடி வரும். பனி மூடினாலும் இடம் தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு கொடிக்கம்பு நட்டுவைக்கிறார்கள்.

சரி, குளிர்காலத்தில் எங்கே, எப்படி வைப்பது?

வெளியே, திறந்தவெளியில், நிமிர்த்தி. அவ்வளவுதான்!

வால்வை இறுக்க மூடுங்கள். அடுப்பு கராஜுக்குள் போகிறது என்றால் சிலிண்டரைக் கழற்றி வெளியே வையுங்கள். அடுப்பு வெளியிலேயே நிற்கிறது என்றால் வால்வை மூடிவிட்டு மாட்டியபடியே விடலாம். ஈரத்தரையில் வைத்தால் அடிவளையம் துருப்பிடிக்கும், ஒரு பலகையோ தட்டைக் கல்லோ அடியில் போடுங்கள். கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழுகிற இடத்திலிருந்து தள்ளி இருக்கட்டும். கதவு, ஜன்னல், பேஸ்மென்ட் காற்றுத்துளை, டிரையர் புகைபோக்கி, ஏசி எந்திரம் எதற்கும் பக்கத்தில் வேண்டாம். காற்றுப் போகாத பிளாஸ்டிக்கால் சுற்றாதீர்கள். கசிந்தது கலைய வேண்டும். காலிச் சிலிண்டருக்கும் இதே மரியாதை உண்டு, ஏனென்றால் ‘காலி’ என்று நாம் நினைக்கும் சிலிண்டருக்குள்ளும் பற்றக்கூடிய வாயு மிச்சம் இருக்கும்.

வசந்தத்தில் முதல் வேலை: சிலந்தியைத் தேடுங்கள்!

சிரிக்காதீர்கள்! பர்னருக்குக் காற்றும் கேஸும் போகிற குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டுவது அவ்வளவு சகஜம். கேஸ் வழி அடைபட்டு, தீ குழாய் வழியாகப் பின்வாங்கி, முன்பக்கத்துத் திருகுகளையே எரித்துவிடும். கார்களைக்கூடச் சிலந்தி விடவில்லை. 2011-ல் மாஸ்டா நிறுவனம் வட அமெரிக்காவில் 50,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், பெட்ரோல் ஆவிக் குழாயில் வலை பின்னிய மஞ்சள் பைச் சிலந்தி! குழாயை நீண்ட பிரஷால் சுத்தம் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

சிலிண்டரை மாட்டி, சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவுங்கள். குமிழ் வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற வீரம் வேண்டாம்.

கடைசியாக, அடுப்பு மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வால்வை மெதுவாக, மிக மெதுவாகத் திறங்கள். சடாரென்று திறந்தால், குழாய்தான் அறுந்துவிட்டது என்று எண்ணிப் பாதுகாப்பு அமைப்பு கேஸைத் துளியளவுக்குக் குறைத்துவிடும். அடுப்பு மினுக் மினுக்கென்று எரியும். ‘குளிர்காலத்தில் வெளியே வைத்ததால் சிலிண்டர் கெட்டுப்போச்சு’ என்று பலர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இதைப் பார்த்துத்தான்! கெட்டது எதுவுமில்லை. எல்லாவற்றையும் மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி, ஒரு நிமிடம் பொறுத்து மாட்டி, திரும்ப மெதுவாகத் திறந்து பாருங்கள். அடுப்பு முழுச் சுடரோடு எரியும். அடுத்த அக்டோபரில் சிலிண்டரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் உங்களிடம் பதில் தயாராக இருக்கும்!